நூறு

ஸ்பிரிங்சைடு தாண்டியதும்
பெருவிரலால் ஒரு பொத்தான்.
நூறு என்று பச்சையில் எரிந்தது.
வலது காலுக்கு விடுமுறை கொடுத்தேன்.
அது இருக்கைக்கு அடியில் போய்
பூட்ஸோடு சுருண்டு படுத்துக்கொண்டது.

நவம்பர், காலை எட்டு நாற்பது.
சஸ்காச்சவானின் இந்தப் பக்கம்
சாலைக்கு வளையத் தெரியாது.
வெளியே ஒரு டிகிரி என்றது கார்.
பூஜ்யத்துக்கு மேலேதானே
என்று நம்பித்தான் புறப்பட்டிருந்தேன்.
இரவு தூறியதைக்
கண்ணாடியைச் சுரண்டிய கை அறியும்;
கால் அறியாது.

பின்னிருக்கையில் என் பெட்டிகள்:
காது சோதிக்கும் கருவி, ஹெட்ஃபோன்,
பட்டாணி அளவில் பாட்டரிகள்.
நாற்பது வருடம் அறுவடை இயந்திரத்தின்மேல் உட்கார்ந்தவர்களிடம்
ஊர் ஊராய்ப் போய்
"கேட்டால் கையைத் தூக்குங்கள்" என்பது என் பிழைப்பு.
பத்து மணிக்கு ஃபோம் லேக்கில் மெல்வின் ஹ்ரின்கிவ்,
இடது காதுக் கருவியை
ஆணி டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்.
அவரை எப்படித் திட்டுவது என்று
ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஷீஹோவுக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம்.
அங்கே சாலை பேச்சை நிறுத்தியது.

டயருக்கும் தாருக்கும் ஓயாமல் நடக்கும் முணுமுணுப்பு,
இருக்கும்வரை யாரும் காதில் வாங்காத அது,
சட்டென்று இல்லை.
யாரோ அதன் வாயைப் பொத்தியதுபோல்.
இவ்வளவு சுத்தமான நிசப்தம்
என் சோதனை அறையில்கூடக் கிடையாது.
இடது கை தானாகப் பாதி உயர்ந்தது.
கேட்காததற்குக் கை தூக்கிய முதல் ஆள்
நானாகத்தான் இருக்கும்.

பிறகு எஞ்சின் இரைந்தது.
பாவம், பதினேழு வயசுக் கார்,
அதற்குத் தெரிந்தது ஒரே ஓர் எண்.
பனிக்கட்டி என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை.
வேகம் குறைகிறதோ என்று பதறி
சக்கரத்துக்கு இன்னும் ஊட்டியது, இன்னும் ஊட்டியது.
சக்கரம் வெறுமனே சுழன்றது.
வண்டியின் பின்பாதி
தனக்கென்று ஒரு வழி பார்த்துக்கொண்டது.

என் கால் எங்கே?

வந்தது. மரத்துப்போய்,
பூட்ஸ் நுனி மிதியடியில் இடறி,
நேரே பிரேக்கை நோக்கி.
வேண்டாம் என்றது நானா என் பயமா, தெரியாது.
பெருவிரல் பொத்தானை அணைத்தது.
கால் எதையும் தொடாமல்
அந்தரத்தில் நின்றது.
கண்ணைப் பள்ளத்திலிருந்து பிடுங்கி
தூரத்துத் தானியக் கிடங்கின்மேல் வைத்தேன்,
கை கண்ணுக்குப் பின்னால் போனது.

எதிரே ஒரு பொட்டாஷ் லாரி.
அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
கடந்தது. அதன் காற்று காரை அறைந்தது.

அப்புறம் ஓரத்துச் சரளை.
கரகரவென்று,
சோற்றில் கல் கடித்ததுபோல்
உலகத்திலேயே அவலட்சணமான அந்தச் சத்தம்.
கையை முழுசாகத் தூக்கினேன்.

மீதி வழி காலால்தான் ஓட்டினேன், அறுபதில்.
ஒவ்வொரு மினுமினுப்பையும்
யார் நீ, ஈரமா, கட்டியா என்று
பாதம் விசாரித்தது.
எண் மட்டும் மங்கலாய் அங்கேயே நின்றது.
கார் மறக்காது.
'தொடர்' என்ற பொத்தானைத் தெரியாமல் தொட்டால் போதும்,
பனியா, பள்ளிக்கூட வாசலா என்று பாராமல்
பழைய நூறுக்கே பாயும்.
அதையும் அணைத்தேன்.

மெல்வின் காத்திருந்தார். ஏன் தாமதம் என்றார்.
சொன்னேன்.
வலது காதைத் திருப்பி, "என்ன?" என்றார்.
கத்தினேன்:
ரோடு உறைந்திருந்தது, நான் க்ரூஸ் போட்டிருந்தேன்.
வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:
"நின்றுபோன சத்தம்
எந்தக் காதில் கேட்கும்?"

திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.
ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன்.
அவர் கையைத் தூக்கினார், இறக்கினார்.
மேசைக்கு அடியில் என் வலது கால்
இல்லாத ஒரு பெடலிலிருந்து
மெல்ல, மிக மெல்ல
எழுந்துகொண்டே இருந்தது.